ஒரு ஸ்டூடியோ, மூன்று ஊர்: இணையம் வழியே குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களுக்கு ஒலி அனுப்புவது எப்படி?

வெலிங்டனில் கார் ஷெட்டை ஒட்டிய ஒரு சின்ன அறைதான் எங்கள் ஸ்டூடியோ. அங்கே மைக்கில் பேசுவது லெவின், பாமர்ஸ்டன் நார்த், வாங்கனுயி என்று மூன்று ஊர்களில் ரேடியோவில் கேட்கிறது. மூன்று இடத்திலும் இருப்பது ஒரு வாட் அளவிலான எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். ஒன்று வீட்டுக் கூரையில், ஒன்று கடை மாடியில், இன்னொன்று ஒரு சமூகக் கூடத்தில். இடையில் கோபுரம் கிடையாது, மைக்ரோவேவ் இணைப்பு கிடையாது. வீட்டுக்கு வரும் சாதாரண இணையம்தான் பாலம். "அதெப்படி?" என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒலியை அனுப்புவது அரை நாள் வேலை. ஆளில்லாத கூரையில், இணையம் அறுந்தபின் அது தானாக எழுந்து நிற்கும்படி செய்வதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதனால் இதில் அனுப்புவதைப் பற்றிக் கொஞ்சமும் அறுவதைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் சட்டம்

சாலிடரிங் அயர்னைக் கையில் எடுக்குமுன் உங்கள் நாட்டு விதியைப் படியுங்கள். நியூசிலாந்தில் குறைந்த திறன் எஃப்.எம்.முக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு உரிமம் உண்டு. 87.6 முதல் 88.3 வரை, 106.7 முதல் 107.7 மெகாஹெர்ட்ஸ் வரை என இரண்டு துண்டுகள். ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறன் ஒரு வாட்டுக்கு மேல் போகக்கூடாது. விண்ணப்பமோ கட்டணமோ கிடையாது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. மணிக்கு ஒரு தடவையாவது உங்களைத் தொடர்புகொள்ளும் வழியைக் காற்றில் அறிவிக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியை 25 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பல டிரான்ஸ்மிட்டர்களில் அள்ளித் தெளிக்கக்கூடாது. பக்கத்து நிலையத்தின் அலை உங்கள் அலை மேல் ஏறி இடைஞ்சல் செய்தால் புகார் சொல்ல இடமில்லை. நீங்கள் பிறர் மேல் ஏறினால் மட்டும் கேள்வி வரும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அரசுப் பிரிவின் பெயர் ரேடியோ ஸ்பெக்ட்ரம் மேனேஜ்மென்ட். அவர்கள் தளத்தில் உரிமத்தின் வாசகம் முழுதாக இருக்கிறது. என் பேச்சை நம்பாமல் அதைப் படியுங்கள், வாசகம் அவ்வப்போது மாறும்.

எங்கள் மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது தற்செயல் அல்ல என்று இப்போது புரிந்திருக்கும்.

பாட்டு போடுவதற்கான அனுமதி இதில் சேராது. இசை உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆப்ரா ஆம்கோஸ், ரெக்கார்டட் மியூசிக் என்.இசட். ஆகிய இரண்டு அமைப்புகளிடமும் தனியாகப் பேச வேண்டும்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே உரிமமில்லாமல் எஃப்.எம்.மில் அனுமதிக்கும் அளவு ஒரு வீட்டு வளாகத்தைத் தாண்டாது. அதனால் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் ஏ.எம். பக்கம் போகிறார்கள்: 100 மில்லிவாட், ஆன்டெனாவும் அதன் கம்பியும் எர்த் கம்பியும் சேர்த்து 3 மீட்டர். ஊர் முழுக்க இப்படிப் பல பெட்டிகளை ஒரே அலைவரிசையில் வைப்பவர்களும் உண்டு. இரண்டு பெட்டியின் அதிர்வெண் இம்மி பிசகினாலும் நடுவில் இருப்பவருக்கு ஊளைச்சத்தம் கேட்கும் என்பதால் ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு அவற்றைக் கட்டிப்போடுவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறீர்களா? இந்தியாவில் ஒரு வாட் ஆனாலும் சரி, உரிமமில்லாமல் எஃப்.எம். ஒலிபரப்புவது குற்றம். பீகாரில் மன்சூர்பூர் கிராமத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவர் சொற்பச் செலவில் கையால் செய்த எஃப்.எம். நிலையம் சுற்றுவட்டாரத்துக்கே செல்லப்பிள்ளையாக இருந்தது. 2006-இல் அதிகாரிகள் வந்து மூடிவிட்டார்கள். சமுதாய வானொலி நடத்துபவர்களுக்குக் கீழே சொல்லும் இணையப் பகுதி அப்படியே பயன்படும். டிரான்ஸ்மிட்டர் பகுதியை உரிமத்தில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்.

தள்ளுவதா, இழுப்பதா?

புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் முதல் தவறு: ஸ்டூடியோவிலிருந்து மூன்று ஊருக்கும் தனித்தனியாக ஒலியைத் தள்ள நினைப்பது. அப்படித் தள்ள வேண்டுமானால் ஒவ்வொரு ஊரிலும் ரவுட்டரில், வெளியிலிருந்து வருவதை உள்ளே விடும் வாசல் (போர்ட்) திறந்துவைக்க வேண்டும். மொபைல் இணையமாக இருந்தால் பெரும்பாலும் அந்த வாசல் உங்கள் கையிலேயே இருக்காது. நிறுவனம் ஆயிரம் பேரை ஒரே முகவரிக்குள் அடைத்துவைத்திருக்கும். நான்காவது ஊர் சேர்ந்தால் ஸ்டூடியோவின் அப்லோடும் ஒரு பங்கு கூடும்.

இழுப்பதுதான் வழி. இணையத்தில் எங்காவது மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுங்கள். ஸ்டூடியோ அதற்கு ஒரே ஒரு ஸ்ட்ரீம், அதாவது இணையத்தில் விடாமல் ஓடும் ஒலி, அனுப்பும். ஒவ்வொரு ஊரிலும் டிரான்ஸ்மிட்டருக்கு ஒலி கொடுக்க ஒரு சின்னக் கணினிப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிகள் சர்வரைத் தேடிப்போய் இழுத்துக்கொள்ளும். யாரும் எங்கும் வாசல் திறக்க வேண்டாம். ரவுட்டர் மாறினாலும், இணைய நிறுவனம் மாறினாலும், கடைக்காரர் தன் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றாத வரையில் பெட்டிக்குக் கவலை இல்லை. முடிந்தால் வைஃபையே வேண்டாம், கேபிள் போடுங்கள்.

ஸ்டூடியோ முனை

மிக்ஸரிலிருந்து வரும் ஒலியைக் கணினிக்குள் எடுத்து, சுருக்கி, சர்வருக்கு அனுப்ப வேண்டும். தொடக்கத்துக்கு 'பட்' என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணைப்பு விட்டுப்போனால் தானாகத் திரும்ப இணையும் வசதி அதிலேயே இருக்கிறது. அந்த டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுருக்கும் முறைக்கு நான் ஓபஸைச் சிபாரிசு செய்வேன். 2012-இலேயே இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது, காசு கேட்காதது, விநாடிக்கு 96 கிலோபிட்டில் ஸ்டீரியோ இசையே எஃப்.எம்.முக்குத் தாராளமாகப் போதும். எஃப்.எம். எப்படியும் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கொண்டுபோவதில்லை. எம்பி3-தான் வேண்டும் என்றால் 128-க்குக் கீழே இறங்காதீர்கள். பாட்டுக் கோப்புகள் ஏற்கெனவே எம்பி3-யாக இருக்கும். அதை விரித்து மறுபடி சுருக்குகிறோம். பிழிந்த துணியை இன்னொரு தடவை பிழிவது போல. முதல் பிழியல் நன்றாக இருந்தால்தான் இரண்டாவது தாங்கும். ஆகவே கிடைத்த இடத்தில் இறக்கிய மட்டமான கோப்புகளைச் சேமிப்பிலிருந்து தூக்கிவிடுங்கள்.

டேட்டா கணக்கு: 96 கிலோபிட் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 1.04 ஜி.பி., மாதம் 31 ஜி.பி. 128 என்றால் மாதம் 41 ஜி.பி.க்குச் சற்று மேல். இது ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி. ஃபைபர் இருக்கும் வீட்டில் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். சிம் கார்டில் ஓடும் இடமாக இருந்தால் முதல் மாத பில் வருமுன் திட்டத்தைப் பாருங்கள்.

இனி ஒலியின் அளவு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரிய நிலையங்கள் போலக் 'கும்'மென்று கேட்க வேண்டும் என்று ஸ்டூடியோவிலேயே ஒலியை நசுக்கி, உச்சி வரை நிரப்பி அனுப்பத் தோன்றும். செய்யாதீர்கள். சுருக்கி விரிக்கும்போது ஒலியின் உச்சங்கள் இடம் மாறும். ஸ்டூடியோவில் கோட்டைத் தொட்டு நின்ற உச்சம் மறுமுனையில் கோட்டைத் தாண்டி நிற்கும். அது டிரான்ஸ்மிட்டருக்குள் போனால், அலைவரிசை இருபுறமும் இவ்வளவுதான் அசையலாம் என்று எஃப்.எம்.முக்கு விதித்த 75 கிலோஹெர்ட்ஸ் விலகலைத் தாண்டும். ரேடியோவில் 'ச', 'ஸ' எழுத்துகள் எல்லாம் கிழிந்த சேலை மாதிரி சரசரக்கும். ஸ்டூடியோவில் குரலையும் இசையையும் சமப்படுத்துவதோடு நிறுத்துங்கள், உச்சிக்குக் கீழே குறைந்தது 3 டெசிபெல் இடம் விடுங்கள். உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரை ஒவ்வொரு ஊரிலும் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் வையுங்கள். பல டிரான்ஸ்மிட்டர்களில் அது உள்ளேயே இருக்கிறது, அணைத்துவைக்கப்பட்டிருக்கும்.

நடுவில் இருக்கும் சர்வர்

ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருள்தான் இங்கே எல்லாருடைய தேர்வும். நிறுவுவது பத்து நிமிட வேலை. அதன் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு 'ஹேக்மீ' என்று எழுதியிருக்கும். விளையாட்டாக எழுதியதல்ல, மாற்றச் சொல்லித்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் மூன்று டிரான்ஸ்மிட்டரிலும் வேறு யாரோ பேசுவார்கள். உரிமத்தில் பெயர் உங்களுடையது.

இன்னொரு பொறி. கேட்பவர் எண்ணிக்கைக்கு ஐஸ்காஸ்டில் ஒரு வரம்பு உண்டு, தொடக்கத்தில் அது 100. அதே சர்வரில் பொதுமக்களுக்கும் இணைய ஸ்ட்ரீம் தருகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு கிரிக்கெட் நாளில் நூறு பேர் நிரம்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து லெவின் பெட்டி ஒரு நொடி அறுந்து திரும்ப வந்தால், "இடமில்லை" என்று வாசலிலேயே நிறுத்தப்படும். ஊரே கேட்கும் டிரான்ஸ்மிட்டருக்கு இடமில்லை. மொபைலில் ஒரு ஆள் கேட்க இடமிருக்கிறது. ஆகவே டிரான்ஸ்மிட்டர்களுக்குத் தனிச் சர்வர், அல்லது வரம்பைத் தாராளமாக உயர்த்தி, பொதுமக்களுக்கான ஸ்ட்ரீமுக்கு மட்டும் தனி வரம்பு வையுங்கள். டிரான்ஸ்மிட்டர் ஸ்ட்ரீமுக்குப் பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள்.

ஊர் முனை

இரண்டு வழி இருக்கிறது. பேரிக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீமர் போன்ற தயார்ப் பெட்டி ஒன்று. விலை கூடுதல், ஆனால் பொருத்திவிட்டு மறந்துவிடலாம். மற்றது உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை. மலிவு, நினைத்ததையெல்லாம் செய்ய வைக்கலாம், அதற்கேற்பத் தலைவலியும் உண்டு. நான் பை-யோடுதான் வாழ்கிறேன்.

பை-யில் திரை, விசைப்பலகை எதுவும் வேண்டாத லைட் வகை இயங்குதளத்தைப் போடுங்கள். அதிலிருக்கும் ஹெட்போன் துளையை நம்பாதீர்கள். பழைய மாடல்களில் அதன் ஒலியில் இரைச்சல் உண்டு, பை 5-இல் அந்தத் துளையே இல்லை. ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, அல்லது மேலே பொருத்தும் ஒலிப் பலகை வாங்கிவிடுங்கள்.

எஸ்டி கார்டுதான் பை-யின் பலவீனம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெடும். கூரையில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் கட்டாயம் போகும். பை-யின் அமைப்பு மெனுவில் ஓவர்லே என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எல்லாம் நினைவகத்திலேயே நடக்கும். எல்லா அமைப்பையும் முடித்து, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்து, கடைசியாக அதை இயக்குங்கள். முதலிலேயே இயக்கிவிட்டு, செய்த மாற்றமெல்லாம் ரீபூட்டில் காணாமல் போகிறதே என்று ஓர் இரவு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

ஒலியை இழுத்து வாசிக்க லிக்விட்சோப் என்ற மென்பொருள். சின்ன நிரல் எழுத வேண்டும், பத்துப் பதினைந்து வரிதான். நிரல் என்றதும் பயந்து வேறு எளிய பிளேயரைப் போடத் தோன்றும். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளும் எளிய பிளேயரால் ஆகாத வேலை.

பத்து நாளுக்கு ஒரு முறை ஏன் அறுகிறது?

எங்கள் வாங்கனுயி பெட்டி பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காரணமே இல்லாமல் அறுந்துகொண்டிருந்தது. இணையம் சரி, மின்சாரம் சரி. கேபிள் மாற்றினேன், ரவுட்டர் மாற்றச் சொன்னேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி கடிகாரம்.

ஸ்டூடியோ சவுண்ட் கார்டு விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கிறது. ஊர் முனைச் சவுண்ட் கார்டும் விநாடிக்கு 48,000 வாசிக்கிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் இந்த வேகத்தை வைக்கும் கடிகாரப் படிகங்கள் இரண்டிலும் வேறு வேறு. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட அது தரமான பொருள்தான். அந்த 50 பங்கைக் கணக்குப் போடுங்கள்: நாளுக்கு 86,400 விநாடி, வித்தியாசம் 4.3 விநாடி.

ஊர்ப் பெட்டி வேகமாக வாசித்தால், வாசிக்குமுன் அது சேர்த்துவைத்திருக்கும் ஒலிக் கையிருப்பு தினம் 4.3 விநாடி குறையும். இணையும்போது ஐஸ்காஸ்ட் சுமார் 64 கிலோபைட்டை முன்பணமாக மொத்தமாகத் தரும். 96 கிலோபிட்டில் அது ஐந்தரை விநாடி. இரண்டாம் நாள் அது தீர்ந்து, ஒரு வெற்றிடம். பெட்டி மெதுவாக வாசித்தால் எதிர்ப்பக்கம்: அது பின்தங்கிக்கொண்டே போகும், சர்வர் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கும். ஐஸ்காஸ்டின் பொறுமைக்கு அளவு 512 கிலோபைட். நம் வேகத்தில் அது 43 விநாடிப் பக்கம். அதையும் தாண்டினால் பெட்டியை வெளியே தள்ளிவிடும். நாளுக்கு 4.3 விநாடி வீதம் 43 விநாடி ஆக எத்தனை நாள்? அதுதான் வாங்கனுயியின் மர்மம்.

பெரிய நிலையங்கள் வாங்கும் கருவிகள் வாசிப்பு வேகத்தை இம்மி இம்மியாக மாற்றி இதைச் சமாளிக்கும். நமக்கு எளிய வழி: கையிருப்பை 10, 15 விநாடியாக வையுங்கள், தினமும் பின்னிரவு மூன்றரை மணிக்குப் பெட்டி தானே இணைப்பை விட்டுப் புதிதாக இணைத்துக்கொள்ளட்டும். ஊர் தூங்கும் நேரத்தில் அரை நொடி விக்கல், அவ்வளவுதான். மூன்று ஊருக்கும் வேறு வேறு நேரம் வையுங்கள்.

இந்தக் கையிருப்பால் ஸ்டூடியோவுக்கும் காற்றுக்கும் இடையில் இருபது விநாடி வரை தாமதம் இருக்கும். ஆகவே "இப்போது நேரம் சரியாக எட்டு மணி" என்று அறிவிப்பாளர் சொல்லக்கூடாது. "எட்டு மணி ஆகிறது" என்றால் போதும். மணியொலி வேண்டுமானால் ஊர்ப் பெட்டியிலேயே வைத்து அதன் கடிகாரத்தை வைத்து ஒலிக்க விடுங்கள். தொலைபேசியில் பேச வரும் நேயரை ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். இருபது விநாடி முன்பு தான் பேசியதைத் தானே கேட்டுத் தடுமாறி நின்றவர்கள் பலர். ஊருக்கு ஊர் தாமதம் வேறாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கத்துப் பக்கத்து டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால்தான் அது வினை. அப்படி வைக்க இந்த முறை உதவாது, வேறு வேறு அலைவரிசை எடுங்கள்.

அறுந்த பிறகு

ஊர்ப் பெட்டிக்கு மூன்று கை வேண்டும். முதல் கை, சர்வரிலிருந்து வரும் ஸ்ட்ரீம். இரண்டாவது, வேறொரு சர்வரில் வைத்த மாற்று ஸ்ட்ரீம். இது இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, கார்டிலேயே சேமித்துவைத்த ஒலிக் கோப்புகள். இது இல்லாமல் பெட்டியை ஊருக்கு அனுப்பவே கூடாது. லிக்விட்சோப்பில் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லி, முதல் கை விழுந்தால் அடுத்ததைப் பிடி, எழுந்தால் திரும்பி வா என்று எழுதலாம். சேமிப்பில் நாலைந்து மணி நேர இசையும் பழைய நிகழ்ச்சிகளும் வையுங்கள். தேதி, செய்தி, வானிலை வராத நிகழ்ச்சிகளாகப் பாருங்கள். போன மாத மழையை இன்று அறிவிக்கக்கூடாது. மணிக்கு ஒரு தடவை தொடர்பு விவரம் சொல்ல வேண்டும் என்ற விதி இணையம் இல்லாத நேரத்துக்கும் பொருந்தும். அந்த அறிவிப்பையும் பதிவு செய்து சேமிப்பில் சேருங்கள்.

அறுவதில் இரண்டு வகை உண்டு. ஸ்ட்ரீம் நின்றுபோவது ஒன்று. பெட்டி உடனே கண்டுபிடித்துவிடும். ஸ்ட்ரீம் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒலி மட்டும் இருக்காது என்பது மற்றது. ஸ்டூடியோவில் யாரோ மிக்ஸர் ஃபேடரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பெட்டியின் கண்ணில் எல்லாம் பச்சை விளக்கு, ஊரின் காதில் மயான அமைதி. இதற்கு மௌனத்தைக் கண்டுபிடிக்கும் வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இத்தனை விநாடி சத்தமில்லை என்றால் சேமிப்புக்குப் போ.

எத்தனை விநாடி? நான் 30 என்று வைத்திருந்தேன். ஏப்ரல் 25, அன்சாக் நாள். போரில் இறந்தவர்களுக்கான விடியற்கால அஞ்சலியை நேரலையாக எடுத்திருந்தோம். ஒரு நிமிட மௌனம் வந்தது. முப்பதாவது விநாடியில் மூன்று ஊர்களிலும் ஒரே சமயத்தில் துள்ளல் பாட்டு. இப்போது 90 வைத்திருக்கிறேன்.

டிரான்ஸ்மிட்டரோடு சேர்ப்பது

விலை குறைந்த டிரான்ஸ்மிட்டரில் ஏமாறாதீர்கள். 106.7 தொடங்கி 107.7 வரையிலான துண்டுக்கு அடுத்த வீடு விமானங்களுடையது. 108 மெகாஹெர்ட்ஸிலிருந்து விமானம் தரையிறங்கவும் வழி தெரியவும் உதவும் கருவிகள் இயங்குகின்றன. வடிகட்டி ஒழுங்காக இல்லாத பெட்டி அங்கெல்லாம் எச்சில் தெறிக்கும். தரச்சான்று உள்ளதையே வாங்குங்கள்.

ஒரு வாட் என்பது ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்த கணக்கு. சாதாரண டைபோல் ஆன்டெனா திறனை ஒரு திசையில் 1.64 மடங்காகக் காட்டும். ஆகவே ஆன்டெனாவின் வாயில் 0.61 வாட்தான் போகலாம். வழியில் கேபிள் விழுங்குவதை மேலே சேர்த்துக்கொள்ளலாம். ஆர்.ஜி. 58 வகைக் கேபிள் இந்த அலைவரிசையில் 10 மீட்டருக்குச் சுமார் 1.6 டெசிபெல் விழுங்கும், ஆகவே டிரான்ஸ்மிட்டரை 0.88 வாட்டில் வைக்கலாம். திறனைத் திருட்டுத்தனமாகக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை மூன்று மீட்டர் உயர்த்துவது அதிகம் பலன் தரும். எஃப்.எம். கண்ணுக்கெட்டும் தூரத்துக்குத்தான் போகும்.

கீச்சு ஒலிகளைக் கொஞ்சம் தூக்கி அனுப்பும் முன்னழுத்தம் என்ற வேலைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும்: 50, 75 என்று இரண்டு எண்கள். நியூசிலாந்துக்கு 50 மைக்ரோவிநாடி. அமெரிக்காவுக்கென்று அமைத்து வந்த பெட்டி 75-இல் நிற்கும். மாற்றாவிட்டால் எல்லாக் குரலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கீச்சிடும்.

இணைத்த முதல் நாள் ஒரு 'உம்ம்ம்' கேட்டே தீரும். பை-யின் மின்னடாப்டரும் டிரான்ஸ்மிட்டரின் மின்னடாப்டரும் ஒலிக் கேபிளின் உறை வழியே ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் சத்தம் அது. இரண்டுக்கும் நடுவில் ஒலித் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காமல் 'டிக் டிக்' என்று கேட்டால் ஆன்டெனாவின் அலை பை-க்குள் நுழைகிறது. பெட்டியை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், கேபிள்களில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

பார்த்துக்கொள்வது

மூன்று பெட்டியிலும் வயர்கார்ட் போன்ற வி.பி.என்., அதாவது இணையத்துக்குள் ஒரு தனி ரகசியப் பாதை, போட்டுவிடுங்கள். வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து பார்க்கலாம். பெட்டி நிமிடத்துக்கு ஒரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு கண்காணிப்புச் சேவைக்குச் சொல்லட்டும். ஐந்து நிமிடம் சத்தமில்லை என்றால் உங்களுக்கு மின்னஞ்சல் வரட்டும். பை உறைந்துபோனால் தானே ரீபூட் ஆகும் வாட்ச்டாக் அதன் சில்லிலேயே இருக்கிறது, இயக்கிவிடுங்கள். ரவுட்டருக்கு மட்டும் ஒரு டைமர் பிளக் போட்டு, அதிகாலை நான்கு மணிக்கு ஒரு நிமிடம் அணைத்துப் போட வைப்பது பழைய தந்திரம். அசிங்கமாகத் தெரிந்தாலும் வேலை செய்கிறது. பை-யை அப்படி அணைக்காதீர்கள்.

இத்தனையும் பெட்டியின் நலத்தைச் சொல்லுமே தவிர, காற்றில் என்ன போகிறது என்று சொல்லாது. ஆன்டெனா கழன்று தொங்கினாலும் பெட்டி நலமென்றே எழுதும். ஒவ்வொரு ஊரிலும் காலையில் நம்மைக் கேட்கும் ஒருவரைப் பிடித்துவையுங்கள். லெவினில் ஒரு ஓய்வுபெற்ற அம்மா இருக்கிறார். கரகரப்பு வந்தால் எந்தக் கண்காணிப்பும் சொல்லுமுன் அவர் குறுஞ்செய்தி வந்துவிடும். ஆளைப் பிடிக்க முடியாத ஊரில் மலிவான யூஎஸ்பி ரேடியோ டாங்கிள் ஒன்றை இரண்டாவது பை-யில் செருகி, காற்றிலிருந்து பிடித்த ஒலியைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம்.

கடைசியாக, பெட்டியின் மேலும் பிளக்கின் மேலும் பெரிய எழுத்தில் 'ரேடியோ நிலையம், கழற்றாதீர்கள்' என்று எழுதி, கீழே உங்கள் தொலைபேசி எண்ணையும் ஒட்டுங்கள். எங்கள் சமூகக் கூடத்துப் பெட்டி கடந்த ஆண்டில் இரண்டு தடவை முழுதாகச் செத்தது. முதல் தடவை 70 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தேன். பிளக் துளையில் வேக்குவம் கிளீனர் செருகியிருந்தது. இரண்டாவது தடவை அங்கிருந்தே போன் வந்தது.